அத்தியாயம் 7: கோதுமை ஆகாத உடம்பு, அரிசி விளையும் ஊர்

வீட்டில் ஒருவருக்குச் சீலியாக் நோய் என்று உறுதியானதும் எல்லாரும் கேட்பது, "இனிமேல் என்னதான் சாப்பாடு போடுவது?" என்பதுதான். மூன்று வேளையும் ரொட்டி தின்னும் பஞ்சாபில் அது நியாயமான கவலை. காவிரிக் கரையில் அந்தக் கவலை பாதிகூடத் தேவையில்லை. பழைய சோறு முதல் ராத்திரி இட்லி வரை நம் அன்றாடச் சாப்பாட்டில் பெரும்பகுதி அரிசியும் உளுந்தும்தான். இரண்டிலும் குளூட்டன் கிடையாது.

அப்படியென்றால் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கோதுமை எப்போது வயிற்றுக்குள் போகிறது? உடம்பு சரியில்லாதபோது கொடுப்பதில், விரதத்துக்குச் செய்வதில், விசேஷத்தில் பரிமாறுவதில், அஞ்சறைப் பெட்டிப் பொடியில். இந்த நான்கையும் கவனித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் உள்ள புரதம்தான் குளூட்டன். சீலியாக் நோய் உள்ளவர் இதைச் சாப்பிட்டால், உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். பேதி, வயிற்று உப்புசம், எடை குறைவு, எத்தனை மாத்திரை போட்டும் தீராத ரத்தசோகை, குழந்தைகள் வளராமல் நிற்பது எல்லாம் இதன் விளைவு. இதற்கு மருந்து மாத்திரை இல்லை. குளூட்டனை அறவே விட்டால் குடல் தானே ஆறும்.

இதைக் கண்டறிந்தவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். கோதுமைமேல் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் போரினால் அந்த நாட்டில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தது. ஊரே பட்டினி கிடந்தபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் அவர் தம் ஆய்வேட்டில் இந்த உணவுமுறையை நிறுவினார்.

நம் பக்கத்தில் இந்த நோய் அபூர்வம். வட, வடகிழக்கு, தென்னிந்தியப் பகுதிகளில் 23,331 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கும், தெற்கே வேலூர்ப் பகுதியில் 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கே 38.1, தெற்கே 36.4 சதவீதம், ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில்தான்: வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். ராத்திரிச் சப்பாத்தியும் பரோட்டாவும் பிஸ்கட்டும் பெருகிவரும் நம் வீடுகள் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

அபூர்வம் என்பதால் மருத்துவர் வேறு நோய்களையும் பார்ப்பார். வெப்பமண்டல ஸ்ப்ரூ, குடல் காசநோய், ஜியார்டியா கிருமி ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் திசு எடுத்துப் பார்ப்பதும் வழக்கம். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்தமும் குடலும் தேற ஆரம்பித்து, நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். யாரோ சொன்னார் என்று முதலில் கோதுமையை விட்டுவிட்டு அப்புறம் டாக்டரிடம் போவது வீண் அலைச்சல்.

எவ்வளவு ஆகாது என்பதையும் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டும். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் கெடும் என்று 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. அரை கிராம் மைதாவில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். "ஒரு வாய்தானே" என்பதற்கு இங்கே இடமில்லை.

தேறும் காலத்துச் சாப்பாடு

முதல் சில வாரங்களிலேயே பேதி குறையும், பசி எடுக்கும். குடல் முழுதாக ஆற மாதங்கள் ஆகும். பெரியவர்களுக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். இந்த நாட்களில்தான் நம் வழக்கமே எதிரியாக நிற்கிறது.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர் கையில் என்ன இருக்கும்? ஹார்லிக்ஸ் பாட்டில், ரொட்டி, பன், ரஸ்க். ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லி மால்ட்டும் உண்டு. மால்ட் என்று எழுதிய எந்தப் பானமும் இவருக்கு ஆகாது. வீட்டுப் பெரியவர்கள் சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் காய்ச்சும் பார்லித் தண்ணீரும் அப்படியே. கடைச் சத்துமாவில் கோதுமையும் பார்லியும் கலந்திருப்பது சாதாரணம். ஓட்ஸ் இயல்பில் வேறு தானியம் என்றாலும், ஆலையில் கோதுமையோடு கலந்துவிடுகிறது. முதல் வருடம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அதற்குப் பதில் நம்மிடம் பழைய, பத்தியமான உணவு நிறைய உண்டு:

- புழுங்கலரிசி நொய்க்கஞ்சி, பாசிப்பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்தது.
- இட்லி, இடியாப்பம், அரிசிப் புட்டு. இடியாப்பமும் மாவும் கடையில் வாங்கினால் கோதுமை கலக்கவில்லையா என்று கேளுங்கள்.
- கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், தினைப் பொங்கல், சாமைச் சோறு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம். எலும்பு பலவீனமானவருக்கு நல்லது.
- வாழைக்காய் மாவு. திருச்சியில் 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வாழையிலிருந்து மாவும் பலவகை மதிப்புக்கூட்டிய பொருள்களும் செய்வதற்கு வழி காட்டுகிறது. மொந்தன் வாழைக்காயைச் சீவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரைத்தால் கஞ்சிக்கும் தோசைக்கும் ஆகும்.

அரிசியை மட்டும் நம்பியிருப்பதும் சரியில்லை. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12, வைட்டமின் டி ஆகியவை குறைந்திருக்கும். டாக்டர் எழுதிய மாத்திரையை விடாமல் கொடுங்கள். இரும்பு மாத்திரையும் ஃபில்டர் காபியும் சேர்ந்தால் சத்து உடம்பில் ஏறாது. ஸ்ரீரங்கத்து வீட்டில் காலைக் காபியை நிறுத்தச் சொல்வது நடக்கிற காரியமில்லை. மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விட்டால் போதும். டிகாக்ஷனில் சிக்கரி இருந்தாலும் அதில் குளூட்டன் இல்லை.

பால் குடித்தால் சில நாள் வயிறு பொருமலாம். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, தேய்ந்துபோன குடலுறிஞ்சிகளில்தான் சுரக்கிறது. குடல் ஆறியதும் அதுவும் திரும்பும். அதுவரை தயிரும் மோரும் கொடுத்துப் பார்க்கலாம்.

அஞ்சறைப் பெட்டி முதல் மாவு மில் வரை

ஒரு ரசம் வைப்பதைப் பாருங்கள். புளி, தக்காளி, மிளகு, சீரகம், துவரம்பருப்புத் தண்ணீர், எதிலும் குற்றமில்லை. கடைசியில் நெய்யில் கடுகு வெடித்ததும் ஒரு சிட்டிகை பெருங்காயத் தூள் விழுகிறது. கடையில் விற்பது, கட்டியோ தூளோ, பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பெருங்காயப் பிசினின் காரத்தைக் குறைக்க, அதில் மைதாவையோ அரிசி மாவையோ கருவேலம் பிசினோடு கலக்கிறார்கள். மைதா கலந்ததென்றால் ரசம், சாம்பார், ஊறுகாய், மோர் என்று ஒரு நாளில் ஐந்தாறு தடவை அது உள்ளே போகும். கோதுமையை விட்டும் உடம்பு தேறவில்லை என்று சொல்லும் வீடுகளில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது இந்த டப்பாவைத்தான்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோதுமை சேர்ந்திருந்தால் அதை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் மாவு சேராத பால் பெருங்காயம் கேட்டும் வாங்கலாம். காரம் அதிகம், கடுகளவு போதும். வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடுகளில் சாத்தமுது என்னும் ரசத்துக்குப் பெருங்காயம் இல்லாமல் முடியாதென்று தோன்றும். மிளகு, சீரகம், சுக்கு மூன்றையும் கொஞ்சம் கூட்டிப் போட்டால் குறை தெரியாது.

"குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட்ட பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சட்டம். அரிசி, பருப்பு, காய் ஆகியவற்றை முழுசாக வாங்கும்போது அந்த முத்திரை தேவையில்லை. பொடியாகவும் மாவாகவும் வாங்கும்போதுதான் வேண்டும்.

அடுத்தது மாவு மில். கேழ்வரகில் குளூட்டன் இல்லை. ஆனால் பல மில்களில் கோதுமையும் கேழ்வரகும் ஒரே எந்திரத்தில்தான் அரைபடும். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், அந்த மாவு உங்கள் பாத்திரத்தில்தான் வந்து விழும். அரிசிக்கென்று தனி எந்திரம் வைத்திருக்கும் மில்லாகப் பாருங்கள். அது முடியாதென்றால் கொஞ்சமாக வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வீட்டிலேயே இருக்கும் கோதுமை. தாத்தாவுக்குச் சர்க்கரை, ராத்திரிக்குச் சப்பாத்தி; பாதி வீடுகளின் நிலவரம் இதுதான். ஒருவருக்காக எல்லாருடைய சப்பாத்தியையும் நிறுத்த வேண்டியதில்லை. இப்படிச் செய்யுங்கள்:

- தோசைக்கல், சல்லடை, மரக்கரண்டி, எண்ணெய்ச் சட்டி ஆகிய நான்கும் நோயாளிக்குத் தனி. சல்லடைக் கண்ணில் ஒட்டிய மாவு எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது.
- முதலில் அவருக்குத் தோசை வார்த்து மூடி வையுங்கள். சப்பாத்திமாவு பிசைவது அதற்குப் பிறகு.
- பூரி பொரித்த எண்ணெயில் அவருடைய அப்பளத்தைப் பொரிக்காதீர்கள்.
- நெய், வெண்ணெய், ஊறுகாய் ஆகியவற்றில் சப்பாத்தித் துணுக்கு ஒட்டிய கரண்டி போகக் கூடாது. அவருக்கென்று சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வையுங்கள்.

ஏகாதசி, கோவில், தேவாலயம்

ஸ்ரீரங்கத்தில் மாதம் இரண்டு ஏகாதசி வருகிறது. அன்று அரிசி கூடாது என்று பல வீடுகளில் ரவை உப்புமாவோ சப்பாத்தியோ கோதுமை ரவைக் கஞ்சியோதான் பலகாரம். மற்ற நாளெல்லாம் பத்திரமாக இருந்தவருக்கு வீட்டு அடுப்பே ஆகாத நாள் இதுதான். மார்கழியில் பரமபத வாசல் திறக்கும் வைகுண்ட ஏகாதசியன்று வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள், வெளியூர் உறவுக்காரர்கள் உதவிக்கு வந்து அடுப்பில் நிற்பார்கள். முதல் நாளே சொல்லிவையுங்கள். ஜவ்வரிசி உப்புமா, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வேர்க்கடலை, பழம், பால் ஆகியவற்றில் அரிசியும் இல்லை, கோதுமையும் இல்லை. உடம்பு முடியாதவருக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்பதையும் பெரியவர்களே சொல்வார்கள். அவர்களை வைத்தே சொல்லச் செய்யுங்கள்.

பிரசாதங்களில் பெரும்பாலானவை அரிசிதான். ஆனால் ரங்கநாதர் கோவிலில் துலுக்க நாச்சியாரின் நினைவாகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் கண்டருளப் பண்ணும் வழக்கம் உண்டு. அந்தப் பிரசாதம் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். புளியோதரைக்குப் பெருங்காயக் கேள்வி உண்டு. அக்காரவடிசிலுக்கு அந்தப் பயமில்லை.

மலைக்கோட்டையில் விநாயகர் சதுர்த்திக்குப் படைக்கும் 150 கிலோ கொழுக்கட்டை அரிசி மாவும் வெல்லமும் சேர்ந்தது. மாசி, பங்குனியில் சமயபுரத்தாள் பக்தர்களுக்காக 28 நாள் இருக்கும் பச்சைப் பட்டினி விரதத்தில் அம்மனுக்கு நைவேத்தியம் துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு. அம்மனோடு விரதம் இருக்கும் குடும்பங்களில் நோயாளிக்கும் இவை ஆகும். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சித்ரான்னம், காப்பரிசி இரண்டும் அரிசியே. வீட்டுப் பெருங்காயத்தில் செய்தால் போதும். ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சியும் அரிசிதான், பக்கத்தில் வைக்கும் சமோசாதான் ஆகாது.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நற்கருணை அப்பம் ஒரு சங்கடம், அது கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும். முழுக்கக் குளூட்டன் நீக்கிய அப்பம் செல்லாது, குறைந்த குளூட்டன் உள்ளது செல்லும் என்று வத்திக்கான் 2017-ல் மீண்டும் தெளிவுபடுத்தியது. திராட்சை இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளவும் திருச்சபை இடம் தருகிறது. பூசைக்கு முன்பே பங்குத்தந்தையிடம் பேசி வையுங்கள்.

பந்தியும் ஓட்டலும்

கல்யாண இலையில் பாதுஷா, ரவா கேசரி, சேமியாப் பாயசம், பூரி, கோதுமை அல்வா ஆகியவை ஆகாதவை. ஜாங்கிரி உளுந்து, மைசூர்பாகு கடலை மாவு, காசி அல்வா பூசணி. ஆனால் நிறத்துக்கும் பதத்துக்கும் மைதா சேர்க்கும் கைகளும் உண்டு. சமையல்காரரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கு அரிசி மாவில் செய்வது. தட்டை, ரிப்பன் பக்கோடா போன்றவற்றில் மைதா சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதால் அவற்றையும் கேட்டே வாங்குங்கள்.

ஓட்டலில் ஆபத்து கல்லில்தான். சாயங்காலம் பரோட்டா போட்ட கல்லிலேயே தோசை வார்ப்பார்கள். தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுப்பதோடு சுத்தம் முடிந்தது. ரவா தோசை வார்க்கும் கல்லும் அப்படித்தான். காலையில் ஆவியில் வெந்த இட்லிதான் பத்திரம். வீட்டில் அரைத்த இட்லி மிளகாய்ப் பொடியைக் கையில் கொண்டு போங்கள்; சாம்பார் கேள்வியே எழாது. பரிமாறுகிறவரிடம் நோயின் பெயரைச் சொல்லிப் புரியவைக்க முயல வேண்டாம். இது போதும்: "அண்ணே, கோதுமை, மைதா, ரவை மூணும் ஆகாது, ஆஸ்பத்திரில படுக்க வச்சிடும். இலையில ரெண்டு இட்லி மட்டும் வைங்க, சாம்பார் ஊத்தாதீங்க." சோயா சாஸ் சேர்ந்த ஃபிரைடு ரைஸில் கோதுமை உண்டு, கோபி மஞ்சூரியனில் மைதா உண்டு.

பள்ளிக்கூடம்

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். அந்த மதியச் சாப்பாடு சோறும் முட்டையும். பெருங்காயத்தை மட்டும் விசாரித்தால் போதும். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் கதை வேறு. ரவா உப்புமா, சேமியா உப்புமா, ரவா கிச்சடி, கோதுமை ரவை என்று வாரத்தில் பல நாள் கோதுமைதான் வரும். டாக்டர் சீட்டின் நகலைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, குழந்தைக்குக் காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்து அனுப்புங்கள். டிபன் பாக்ஸில் பக்கத்துப் பையனின் பிஸ்கட் வந்து சேர்வதைத் தடுக்க அதட்டல் உதவாது. கடலைமிட்டாய், எள்ளுருண்டை என்று கொடுக்கத் தகுந்ததை இரட்டிப்பாகக் கட்டிக் கொடுங்கள். கொடுக்கிற கை வாங்காது.

சொந்தபந்தத்திடம் சொல்வது

பத்தியம் உடைவது பெரும்பாலும் பாசத்தால்தான். "கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுடி" என்று அத்தை சொல்லும்போது, படுத்து எழுந்த பிள்ளையால் மறுக்க முடியாது. பதில் சொல்ல வேண்டியது வீட்டுப் பெரியவர். பக்கத்து வீட்டு மாமியிடம் இப்படிச் சொல்லலாம்: "மாமி, தப்பா எடுத்துக்காதீங்கோ. இவனுக்குக் கோதுமை பட்டாலே ஆகாதுன்னுட்டார் டாக்டர். பெருங்காயத்துலகூட மைதா இருக்காம். தயிர்சாதத்தைத் தாளிக்கறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் எடுத்து வச்சிடுங்கோ, அது போதும்." என்ன வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் என்ன செய்யலாம் என்றும் சொன்னால் யாருக்கும் மனம் நோகாது. பார்க்க வருகிறவர் என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால் "பூவன்பழம்" என்றே சொல்லிவிடுங்கள்.

மறக்கக் கூடாத மூன்று

ஒன்று: டிடிஜி ரத்தப் பரிசோதனையை ஆறாவது மாதமும் வருட முடிவிலும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் எடுங்கள். எண் இறங்காவிட்டால் எங்கோ கோதுமை நுழைகிறது என்று பொருள்; பெருங்காய டப்பாவிலிருந்து மறுபடி தேடத் தொடங்குங்கள்.

இரண்டு: எடை ஏறி, முகம் தெளிந்து, பழைய தெம்பு வந்த பிறகுதான் "இனி ஒரு பரோட்டா சாப்பிடலாமே" என்ற பேச்சு எழும். குடல் ஆறியது கோதுமையை விட்டதால். இந்தப் பத்தியத்துக்கு முடிவு தேதி கிடையாது.

மூன்று: நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரில் பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்க வாய்ப்புண்டு, அறிகுறி எதுவும் இல்லாமலும் இருக்கும். அதனால் நோயாளிக்குத் துணையாக வீட்டார் எல்லாரும் கோதுமையை விடும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்னால் அவர்கள் ரத்தப் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள்.